டெஸ்மண்ட் டெக்கர் யார்? "இஸ்ரேலைட்ஸ்" பாட்டில் என்னதான் சொல்கிறார்?

மீனா, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 13 வயது. இரண்டு வருடமாக டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். வீட்டில் டிரம்ஸ் வைக்க இடம் இல்லை, அதனால் கட்டிலில் இரண்டு தலையணையைப் போட்டுக் குச்சியால் தட்டித்தான் சாதகம். போன மாதம் அவனுடைய மாஸ்டர் ஒரு பாட்டைக் கொடுத்து, "வாசிக்க வேண்டாம், முதலில் ஒரு வாரம் வெறுமனே கேள்" என்று அனுப்பினார். டெஸ்மண்ட் டெக்கர் என்ற ஜமைக்கா பாடகர் பாடிய "இஸ்ரேலைட்ஸ்".

அவன் கேட்டதில் நானும் கேட்டேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது என்று ஐம்பது தடவைக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் தாளமே இல்லாமல், ஆளில்லாத தெருவில் ஒருவர் தனக்குத்தானே பாடிக்கொண்டு போவது போல ஒரு குரல். அப்புறம் திடீரென்று மொத்தக் குழுவும் சேர்ந்துகொள்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன்.

ஆனால் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆங்கிலம் என்கிறார்கள். நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள், எனக்கே "இஸ்ரேலைட்ஸ்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பிடிபடவில்லை. ஜமைக்காக்காரர் எதற்கு இஸ்ரேல் மக்களைப் பற்றிப் பாட வேண்டும்? ஜமைக்காவின் பெரிய பாடகர் பாப் மார்லிக்கு முன்னால் வந்தவரா, பின்னால் வந்தவரா? மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

தெற்கு லண்டன் பஸ் ஓட்டுநர்

மீனா தங்கச்சி, வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்கு உங்கள் கேள்வியைப் பார்த்தேன். நாளைக்கு எழுதலாம் என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. டெக்கரைப் பற்றி ஒருவர் தமிழில் கேட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 1990களின் கடைசியில் லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டுகிறேன். குரொய்டனுக்குப் பக்கத்தில் தோர்ன்டன் ஹீத் என்று ஓர் இடம். எங்கள் ஆட்களும் அங்கே நிறைய, ஜமைக்கா ஆட்களும் நிறைய. டெக்கரின் வீடு அங்கேதான் இருந்தது. 2006 மே 25இல் அந்த வீட்டில்தான் மாரடைப்பில் இறந்தார். வயது 64.

அவர் பெயரை நான் கேள்விப்பட்டதே அந்தச் செய்தி வந்தபோதுதான். எங்களோடு ஒரு ஜமைக்கா அக்கா வேலை செய்தார், சென்ட் தோமஸ் என்ற பகுதியில் பிறந்தவர். கன்டீனுக்குள் வந்தார், பையை வைத்தார், யாரோடும் கதைக்காமல் தேநீர்க் கரண்டியால் மேசையைத் தட்டத் தொடங்கினார். பிறகு நீங்கள் சொன்ன அந்த முதல் வரியை மெதுவாக எடுத்தார். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்கார மெக்கானிக், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார். பிறகு இன்னும் நாலைந்து பேர். அங்கே பாடத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் குழு சேர்ந்துகொள்கிற அந்த இடத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை, எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள். எனக்கு மட்டும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அக்காவிடம் போய் அர்த்தம் கேட்டேன். அவர் அன்றைய டியூட்டி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாக எழுதித் தந்தார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வரியில் ஒரு "ஐயா" இருக்கிறது. காலையில் எழும்பிச் சோற்றுக்காக மாடாய் உழைக்கிறேன் ஐயா, வீட்டில் இருக்கிற எல்லா வாயும் நிறைய வேண்டுமே என்கிறார். அந்த "ஐயா"வைக் கவனியுங்கள். நண்பனிடம் பாடும் பாட்டு இல்லை இது, மேலே இருக்கிற ஒருவரிடம் ஒரு கூலிக்காரன் சொல்லும் முறைப்பாடு. பிறகு பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். சட்டை கிழிகிறது, கால்சட்டையும் போகிறது. இவ்வளவுக்குப் பிறகும், போனி கிளைட் போல ஆகிவிட மாட்டேன் என்கிறார். அவர்கள் அமெரிக்காவில் 1930களில் வங்கிக் கொள்ளையடித்துச் சுடப்பட்டுச் செத்த ஜோடி. அதாவது, பட்டினி கிடந்தாலும் கொள்ளையடிக்கப் போகமாட்டேன். எனக்கு இந்த வரிதான் பாட்டின் நெஞ்சு.

இஸ்ரேல் எங்கே வருகிறது என்று கேட்டீர்கள். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் ஜமைக்கா மக்கள். பைபிளில் எகிப்திலும் பாபிலோனிலும் சிறைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர் கதையைக் கேட்கிறபோது, அது தங்கள் கதை என்றே அவர்களுக்குத் தோன்றியது. ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி மார்க்கத்தார் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள்: நாங்கள்தான் இஸ்ரவேலர், இந்த இடம் பாபிலோன் என்று. டெக்கர் சின்ன வயதில் ஆச்சியோடும் மாமியோடும் தேவாலயத்துக்குப் போய் வளர்ந்த பிள்ளை. ஆகவே "பாவம் நான், இஸ்ரவேலன்" என்று அவர் பாடினால், ஊர் இழந்து கூலி வேலை செய்கிறவன் என்று ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் எல்லோருக்கும் விளங்கும். ஜமைக்காவில் அந்தப் பாட்டு முதலில் வெளியானதே "புவர் மீ இஸ்ரேலைட்ஸ்" என்ற பெயரில்தான்.

பாட்டு எப்படிப் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பூங்காவில் சோளம் சாப்பிட்டபடி நடந்துகொண்டிருந்தாராம். ஒரு ஆணும் பெண்ணும் காசுக்குச் சண்டை போடுவது காதில் விழுந்தது. அவள் காசு வேண்டும் என்கிறாள், அவன் செய்கிற வேலைக்குக் கிடைப்பது காணாது என்கிறான். இவர் அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டு முழுதாக வந்துவிட்டது.

இப்போது அவருடைய கதை. பிறந்தது 1941இல் கிங்ஸ்டனில், பெயர் டெஸ்மண்ட் அடோல்ஃபஸ் டேக்ரஸ். தாய் நோயில் சிறுவயதிலேயே போய்விட்டார். கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பையன்கள் பள்ளியில் படித்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இடம் அது, ஆனால் இசையை மிக ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்த இடமும் அதுதான். ஜமைக்காவின் பெரிய டிரம்போன், சாக்சஃபோன் கலைஞர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். பிறகு சென்ட் தோமஸில் தையல் பழகினார். (எங்கள் அக்காவுக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் ஏன் என்று இப்போது தெரிகிறதா?) கிங்ஸ்டனுக்குத் திரும்பி வெல்டிங் வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே பாடுவார், கூட வேலை செய்தவர்கள்தான் போய்க் குரல் தேர்வு கொடு என்று தள்ளிவிட்டார்கள்.

1961இல் போனார். அந்தக் காலத்தில் கிங்ஸ்டன் இசையை இரண்டு பேர் கையில் வைத்திருந்தார்கள்: கோக்ஸன் டொட், டியூக் ரீட். இரண்டு பேரும் வேண்டாம் என்று விட்டார்கள். மூன்றாவதாகப் போன இடம் லெஸ்லி கொங் என்பவரிடம். சீன வம்சத்து ஜமைக்காக்காரர். சகோதரர்களோடு ஆரஞ்சு வீதியில் பெவர்லிஸ் என்ற பெயரில் ஐஸ்கிரீம் கடையும் இசைத்தட்டுக் கடையும் வைத்திருந்தவர். ஜிம்மி கிளிஃப் என்ற பையன் அந்தக் கடையின் பெயரிலேயே ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பாடிக் காட்டியதால்தான் கொங் பாட்டுத் தொழிலுக்கே வந்தார். அங்கே பாடகர்களைக் கேட்டுத் தெரிவு செய்தவர் டெரிக் மோர்கன், அவரே அப்போது பெரிய பாடகர். அவருக்கு டெக்கரின் குரல் பிடித்துவிட்டது.

ஆனால் உடனே பதிவு செய்யவில்லை. பொருத்தமான பாட்டு வரட்டும் என்று கொங் காக்க வைத்தார். இரண்டு வருடம். உங்கள் மார்லி கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. டெக்கர் வேலை செய்த அதே வெல்டிங் பட்டறையில் ஒரு இளம் பெடியனும் வேலை பழகிக்கொண்டிருந்தான். நீயும் வந்து பாடிக் காட்டு என்று கொங்கிடம் போகச் சொன்னவர் டெக்கர். அந்தப் பெடியன்தான் பாப் மார்லி. 1962இல் மார்லியின் முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. கூப்பிட்டு விட்ட டெக்கர் அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தார்! அவருடைய முதல் தட்டு 1963இல் வந்தது, "ஹானர் யுவர் மதர் அண்ட் ஃபாதர்". தாய் தந்தையை மதி என்று நாங்கள் அரிச்சுவடியோடு படிக்கிற அதே புத்திமதிதான். தாயை அவ்வளவு சீக்கிரம் இழந்தவர் முதல் பாட்டாக அதைப் பாடினார். ஜமைக்காவில் பாட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. டேக்ரஸ் என்ற பெயர் டெக்கர் ஆனதும் அந்த நாட்களில்தான்.

பிறகு ஹோவர்ட் சகோதரர்கள் நாலு பேரைப் பின்குரலுக்குச் சேர்த்துக்கொண்டார். "ஏசஸ்" என்று அந்தக் குழுவுக்குப் பெயர். அதற்கு முன்பே "கிங் ஆஃப் ஸ்கா" பெரிய வெற்றி (ஸ்கா என்றால் அந்தக் காலத்து ஜமைக்கா ஆட்ட இசை). 1967இல் "007 (ஷாண்டி டவுன்)". சிறையிலிருந்து வெளியே வந்து மறுபடி அதே வழிக்குப் போகிற குடிசைப் பகுதி இளைஞர்களை, "ரூட் பாய்ஸ்" என்பார்கள் அவர்களை, அப்படியே படம் பிடித்த பாட்டு. கடலோரக் குடிசைகளை இடித்துத் தள்ளப் பார்த்ததை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போய், அது கைமீறிப் போன செய்திதான் அதற்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் 14ஆம் இடம் வரை வந்தது.

அவர் இங்கிலாந்துக்கு முதலில் வந்தபோது போட ஒரு சூட் வாங்கிக் கொடுத்தார்களாம். கால்சட்டையின் அடியில் ஆறு அங்குலத்தை வெட்டச் சொல்லிவிட்டுத்தான் போட்டாராம். பிறகு அவரைப் பார்க்க வந்த பெடியள் எல்லோரும் அதே போலக் கட்டைக் கால்சட்டையோடு திரிந்தார்கள் என்று அழைத்து வந்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தையல் பழகியவர் அல்லவா, எது எங்கே முடிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் "இஸ்ரேலைட்ஸ்". லண்டனில் பிரமிட் என்ற இசைத்தட்டு லேபிளில் வந்தது. 1969 ஏப்ரலில் பிரிட்டனில் முதலிடம். ஜூனில் அமெரிக்காவில் 9ஆம் இடம். மேற்கு ஜெர்மனியிலும் முதலிடம். அதுவரை ஜமைக்காப் பாட்டுகள் வெளியே போகவில்லை என்று இல்லை. ஆனால் இது கிங்ஸ்டன் தெருப் பேச்சில் எழுதி, கிங்ஸ்டன் தெருப் பேச்சில் பாடிய பாட்டு. வெளியூர்க்காரருக்கு விளங்கட்டும் என்று ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் வாயைத் திறக்கவே பயப்பட்டேன். உச்சரிப்பைத் திருத்திக்கொள் என்று எத்தனை பேர் சொன்னார்கள். அந்த மனிதர் தன் வாய்ப்பேச்சைத் திருத்தாமலே இங்கே முதலிடத்தில் போய் இருந்தார் என்று அக்கா சொன்ன அன்று எனக்குள்ளே ஏதோ நிமிர்ந்தது. அவர்மேல் எனக்குள்ள மரியாதை அதனால்தான், பாட்டு நல்ல பாட்டு என்பது அதற்குப் பிறகுதான்.

விளங்காமலே பாடினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1990 வாக்கில் மேக்ஸெல் கேசட்டுக்கு இங்கே ஒரு டிவி விளம்பரம் வந்தது. "இஸ்ரேலைட்ஸ்" ஓடிக்கொண்டிருக்கும், ஒருவர் வரிகளை அட்டையில் எழுதிக் காட்டிக்கொண்டே வருவார். எல்லாம் தப்பு வரிகள். "இஸ்ரேலைட்ஸ்" வருகிற இடத்தில் "மீ இயர்ஸ் ஆர் அலைட்" என்று அட்டை, அதாவது "என் காது பற்றி எரிகிறது". எங்கள் மெக்கானிக்கும் இருபது வருடமாக அப்படித்தான் பாடினாராம். அன்றைக்குக் கன்டீனில் அக்கா எழுதிய அட்டையை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து இரண்டு தடவை வாசித்தார்.

அதே 1969இல் வந்த "இட் மெக்" பாட்டையும் கேளுங்கள், பிரிட்டனில் 7ஆம் இடம். வீட்டுச் சுவரிலிருந்து தங்கை விழுந்ததை வைத்து எழுதியது. "இட் மெக்" என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். "ஏறாதே ஏறாதே என்று சொல்லிக்கொண்டே இருக்க, பிள்ளை ஏறி விழுந்து அழுதுகொண்டு வந்தால் உன் அம்மா என்ன சொல்லுவா?" என்று திருப்பிக் கேட்டார். "சொன்னனே, கேட்டியா? வேணும்!" என்றேன். அதுதான் என்றார்.

1969இல் இங்கிலாந்திலேயே குடியேறிவிட்டார். 1970இல் ஜிம்மி கிளிஃப் எழுதிய "யூ கேன் கெட் இட் இஃப் யூ ரியலி வாண்ட்" பாட்டை, தனக்கு மனமில்லாமல் இருந்தும் கொங் வற்புறுத்தியதால் பாடினார். அது 2ஆம் இடம் வந்தது. அடுத்த வருடம் கொங் மாரடைப்பில் இறந்துபோனார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. எந்தப் பாட்டு, எப்போது, எப்படி என்று பத்து வருடம் பார்த்துக் கொடுத்த ஆள் போனதும் டெக்கருக்குத் திசை தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நல்ல காலமும் வந்தது, கெட்ட காலமும் வந்தது. 1975இல் "இஸ்ரேலைட்ஸ்" திரும்ப வெளியாகி மறுபடி முதல் பத்துக்குள் வந்தது. 1980இல், ஸ்பெஷல்ஸ், மேட்னஸ் போன்ற இங்கிலாந்துக் குழுக்கள் ஸ்காவைத் திரும்ப எடுத்து ஆடிய காலத்தில், அவருக்கும் புது ஆல்பம் கிடைத்தது. ஆனால் 1984இல் கடனில் மூழ்கித் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். காலையில் எழும்பிச் சோற்றுக்கு உழைக்கிறேன் ஐயா என்று உலகத்தையே பாட வைத்தவர். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறாது.

நேரம் ஒரு மணி ஆகிவிட்டது, காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு என் அன்பு.

தாளக்காரன், மதுரை

அண்ணன் கதையை முழுதாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு வாசிக்க உதவுகிற மாதிரி நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

மீனா அம்மா, "தகதிமி" என்று நாலு எழுத்தையும் சமமாகச் சொல்லிப் பாருங்கள். நமக்கு இயல்பாக அழுத்தம் "த"விலும் "தி"யிலும் விழும். ஸ்காவில் கிட்டாரும் பியானோவும் "க"விலும் "மி"யிலும் மட்டும் வெட்டும். கை தட்டுகிற இடத்தில் சத்தம் இருக்காது, கையைத் தூக்குகிற இடத்தில் இருக்கும். ஆரம்பத்தில் தம்பிக்குத் தலை சுற்றும். அவன் குச்சியால் "த", "தி" போடட்டும், நீங்கள் வாயால் "க", "மி" மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் தடுமாறாமல் ஓடிவிட்டால் அவன் உடம்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

1960களின் ஆரம்பத்தில் ஸ்கா வேகமாக ஓடும், ஊதுகருவிகள் முன்னால் நிற்கும். 1962இல் ஜமைக்காவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்து உற்சாகம் அதில் இருக்கும். 1966 வாக்கில் வேகத்தைக் குறைத்தார்கள். ஊதுகருவிகள் பின்னால் போய், பேஸ் கிட்டார் முன்னால் வந்தது. பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அதற்கு ராக்ஸ்டெடி என்று பெயர். 1968இல் மறுபடி நடை மாறி ரெகே பிறந்தது. "இஸ்ரேலைட்ஸ்" சரியாக அந்த வாசற்படியில் நிற்கிற பாட்டு. ஒரு கால் ராக்ஸ்டெடியில், ஒரு கால் ரெகேயில். மாஸ்டர் யோசித்துத்தான் இதைக் கொடுத்திருக்கிறார்.

தம்பியிடம் பேஸைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கொங்கின் பதிவுகளுக்கு வழக்கமாக வாசித்த குழுவில் ஜாக்கி ஜாக்சன் பேஸ், ஹக்ஸ் பிரவுன் கிட்டார். அந்த பேஸ் எல்லா அடியையும் நிரப்பாது. எங்கே விட வேண்டுமோ அங்கே விடும். டிரம்ஸ்காரன் அந்த வெற்றிடத்தை நிரப்பப் போகக் கூடாது, அதுதான் இந்த இசையில் பழக வேண்டிய கஷ்டமான பாடம். என் மாணவர்கள் முதல் மாதம் முழுக்க அங்கேதான் உருட்டுவார்கள்.

இன்னொன்று, ஆரம்பத்தில் கிட்டார் நடுங்குகிற அந்தத் தனிக் குரல் பகுதியில் எண்ண வேண்டாம். அது விருத்தம் மாதிரி, தாளக்கட்டு இல்லை. பாடுகிறவர் மூச்சைக் கேட்டுக் காத்திருந்து இறங்க வேண்டும். நம் ஊரில் விருத்தம் முடிந்து பாட்டு எடுக்கிற இடத்தில் தவில்காரர் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அப்படி.

பழைய வானொலி ரசிகை

நல்ல இழை. ஆனால் முன்னோடி என்று பேசும்போது மில்லி ஸ்மால் பெயர் வராமல் போகக் கூடாது. ஜமைக்காவில் கிளாரண்டன் பகுதியில் கரும்புத் தோட்டத்து மேற்பார்வையாளரின் மகள். சிறு பெண்ணாக இருக்கும்போதே ஒரு திறமைப் போட்டியில் ஜெயித்துப் பாட வந்தவர். இசைத்தட்டு நிறுவனம் நடத்திய கிறிஸ் பிளாக்வெல் அவரை லண்டனுக்கு அழைத்து வந்து, 1964இல் "மை பாய் லாலிபாப்" பாட வைத்தார். வாத்தியங்களுக்கு அமைத்துக் கொடுத்தவர் எர்னஸ்ட் ரேங்லின். பிரிட்டனிலும் 2ஆம் இடம், அமெரிக்காவிலும் 2ஆம் இடம். சுமார் இரண்டு நிமிடப் பாட்டுதான் அது. டெக்கருக்கு ஐந்து வருடம் முன்னால் கதவைத் திறந்தது ஒரு பதின்ம வயதுப் பெண். அவரும் பிற்காலத்தில் பணக் கஷ்டப்பட்டு, 2020இல் லண்டனில் இறந்தார். பெண்கள் திறந்த கதவு வழியாகப் போனவர்களின் பெயர் மட்டும் நிலைப்பது எனக்கு எப்போதுமே வருத்தம், அதனால் சொல்கிறேன்.

தெற்கு லண்டன் பஸ் ஓட்டுநர்

அக்கா, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். நான் எழுதியிருக்க வேண்டும். மில்லிதான் முதல். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். "மை பாய் லாலிபாப்" 1956இல் ஓர் அமெரிக்கப் பெண் பாடிய பாட்டு. மில்லி அதை லண்டனில், லண்டன் கலைஞர்களோடு பாடினார். டெக்கரின் பாட்டு கிங்ஸ்டனில் நடந்தபடி பிறந்து, கிங்ஸ்டனிலேயே பதிவாகி, அதே மூச்சோடு வந்தது. இரண்டும் வேறு வேறு பயணம். ஒன்றைச் சொல்ல இன்னொன்றைக் குறைக்கத் தேவையில்லை. ஜமைக்கா அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசியில் மில்லி பெயரைச் சொன்னேன், உடனே பாடிக் காட்டினார். எழுபது வயதிலும் அந்தக் கிறீச்சென்ற உச்சக் குரல் அப்படியே வருகிறது.

மீனா, திருச்சி

உங்கள் எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அண்ணா, நீங்கள் தூங்காமல் எழுதியதை நேற்று இரவு சத்தமாக வாசித்தேன். மகனும், அவன் பாட்டியும் கேட்டார்கள். சட்டை கிழிந்து பெண்சாதி போய்விட்ட இடத்தில் என் மாமியார், "அப்போ அவன் குழந்தைகளை அப்புறம் பார்த்தானா?" என்று கேட்டார். பாட்டில் அது இல்லை என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை.

தாளக்காரன் சார் சொன்னபடி செய்து பார்த்தோம். அவன் தலையணையில் "த", "தி". நான் "க", "மி". மூன்று நிமிடத்தில் எனக்குத்தான் முதலில் தவறியது, அவன் பிடித்துக்கொண்டான். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே அந்த முதல் வரியைப் பாடினான். "ஐயா" இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அழுத்திப் பாடினான். அதற்கு முன்னால் அந்தச் சொல் அவன் பாடும்போது காதில் விழுந்ததே இல்லை.

அண்ணா, முடிந்தால் அந்த டியூட்டி அட்டையைப் படம் எடுத்துப் போடுவீர்களா? அவனுடைய மாஸ்டரிடம் காட்ட வேண்டும் என்கிறான்.